புத்தூரில் உடைந்தது டயர் மட்டுமே

திருத்தணி,
சார்வரி வருஷம், ஆவணிக் கடைசி.

நகரி, நூல் வியாபாரம் உயர்திரு தணிகாசலம் அவர்கள் சமூகத்துக்கு,

ஓய்வுபெற்ற ஆசிரியன் முனிரத்தினம் இரு கைகளையும் கூப்பி எழுதிக்கொள்வது. இரு கைகள் என்று நான் அழுத்தி எழுதுவதற்குக் காரணம் கீழே வரும். இங்கே நானும் என் மனைவி பொன்னியம்மாளும் மகன் உமாபதியும் முருகன் அருளால் எல்லா எலும்புகளோடும் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டம்மாவும், பெண் தாட்சாயணியும், மைத்துனர் எத்திராஜும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 'சம்பந்தி அவர்களுக்கு' என்று எழுதப் பேனா தானாகவே ஓடியது. பிடித்து நிறுத்தினேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அந்தச் சொல்லைத் தாங்களே மேலே சேர்த்துக்கொள்ளலாம். அதற்காக ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

தாங்கள் போட்ட கார்டு கிடைத்தது. மொத்தம் நாலு வரி. 'மாப்பிள்ளைக்குக் கை ஊனம் என்பதை மறைத்துவிட்டீர்கள். நிச்சயத்தன்று புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்ததை எத்திராஜ் பார்த்தார். அதன் பிறகும் இரண்டு தடவை அங்கேயே பார்த்தார். இந்தச் சம்பந்தம் வேண்டாம்.' வாழ்நாளெல்லாம் பையன்களின் கட்டுரையைத் திருத்தியவன் நான். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எழுதிக் காட்டியதில்லை. எழுத்திலே பிழை கிடையாது. பொருளிலேதான் பிழை. கார்டு என்பதால் தபால்காரரும் படித்துவிட்டார்; கையில் கொடுக்கும்போதே, "இன்னா சார், தம்பிக்கு கை போச்சாமே?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் தெருவில் பாதிப் பேர் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கெல்லாம் சொன்ன உதாரணத்தையே தங்களுக்கும் சொல்கிறேன். எங்கள் திருத்தணி மலைப்படியில் தினமும் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். எல்லாரும் மொட்டை போடவா வந்தார்கள்? தேங்காய் விற்கிறவர் நிற்கிறார், காவடி பார்க்க வந்தவர் நிற்கிறார், செருப்பைத் தொலைத்தவர் நிற்கிறார். அதுபோலப் புத்தூரில் ஒருவன் நின்றான் என்றால் அவன் எலும்பு முறிந்தவன்தான் என்று சொல்லிவிட முடியுமா? நின்றது எங்கள் கார். உடைந்தது அதன் டயர். நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகப் படிக்கவும்.

நிச்சயத்துக்கு முதல் நாள் நாங்கள் மூவரும் திருப்பதி போய் மலையேறி சாமி பார்த்தோம். அங்கிருந்து நகரிக்கு பஸ்ஸிலேயே வந்துவிடலாம் என்றேன். பொன்னியம்மாள் ஒப்பவில்லை. "பொண்ணு வூட்டு வாசல்ல பஸ்ஸுலேர்ந்து கூடையோட குதிச்சா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? வாத்தியாரு வூட்டு சம்பந்தம்னா காருலதான் எறங்கணும்" என்றாள். ஊரிலிருந்து கிளம்பும்போதே பக்கத்து வீட்டுச் சிவசங்கரன் எச்சரித்திருந்தார்: "வெளி ராஜ்யத்துல வாடகைக் காரு எடுக்காதீங்க சார். எதுனா ஒண்ணு ஆச்சின்னா எந்த ஊரு போலீசுக்குப் போவீங்க?" எனக்குச் சிரிப்பாக இருந்தது. சித்தூர் ஜில்லாவில் பிறந்து, சித்தூர் ஜில்லாவிலேயே படித்து, சித்தூர் ஜில்லாவிலேயே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த ஏப்ரல் மாதம் திருத்தணியை ஆந்திராவிலிருந்து பிரித்ததில், வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்திருக்காமலேயே சென்னை ராஜ்யத்துக்குக் குடிபோய்விட்டேன். அதற்காகத் திருப்பதியும் புத்தூரும் சீமையாகிவிடுமா என்று கேட்டேன். ஆகிவிடும் என்று அப்போது தெரியவில்லை.

காரை ஓட்டியவர் பெயர் ரங்கையா. நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார். ரேணிகுண்டா தாண்டும்வரை பெருமாளைப் பற்றிப் பாட்டுப் பாடினார். புத்தூர் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் தீபாவளி வெடி போல ஒரு சத்தம். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நொண்டி நொண்டி, ஒரு வேப்பமரத்தடியில் போய் நின்றது. இறங்கிப் பார்த்தோம். பின்பக்க டயரில் மாட்டு லாடத்து ஆணி ஒன்று, சுவரில் படம் மாட்டுவதற்கு அடித்ததைப் போல நேராக ஏறியிருந்தது. ரங்கையா அதைப் பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாஸ்டாரு, இதி மன ஆணி காது, நம்ம ஆணி இல்ல. எங்க ஆந்திரா மாட்டுக்கு இவ்ளோ நீட்டு ஆணி அடிக்க மாட்டாங்க. இது உங்க மெட்ராஸ் ஆணி" என்றார். எல்லையைக் கிழித்தபோது ஆணிகளையும் பாகம் பிரித்தார்கள் என்பதை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை. சரி, ஆணி யாருடையதாகவும் இருக்கட்டும், ஸ்டெப்னியை மாட்டுங்கள் என்றேன். ஸ்டெப்னி டயர் காளஹஸ்தியில் இருக்கிற மச்சினன் காரில் ஓடிக்கொண்டிருக்கிறதாம். "அவன் கொழந்தைக்கு காது குத்துறாங்க சார், வேணாம்னு சொல்ல முடியுமா?" என்று என்னையே கேட்டார். சொல்ல முடியாதுதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்.

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற புத்தூரின் வழக்கம் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் ஒரு கார் நின்றால் உள்ளே ஒரு முறிவு இருக்கிறது என்று பொருள். மோர் விற்கிற ஜெயம்மா என்கிற அம்மாள் பானையை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து, "யாருக்கு? காலா, கையா?" என்று கேட்டாள். டயருக்கு என்றேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மலையேறி இறங்கியதில் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் விந்தி நடந்தேன். அவ்வளவுதான், "பெரியவருக்குத்தான்! தொடை எலும்பு போலக்குது!" என்று நாலு பேர் என்னைப் பலகை மாதிரி தூக்கிவிட்டார்கள். 'ஐயா, எனக்கு ஒன்றுமில்லை, பாருங்கள்' என்று இறங்கி, டிரில் வகுப்பில் பையன்களுக்குச் செய்து காட்டுவேனே, அதேபோலக் கைகால்களை நீட்டி மடக்கி ஐந்து நிமிஷம் செய்து காட்டிய பிறகே விட்டார்கள். விட்டவர்கள் பொன்னியம்மாளைப் பார்த்தார்கள். அவள் வெற்றிலைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு காரை விட்டு இறங்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஒருவர் டயரைத் தட்டிப் பார்த்து, "இதுக்கும் ஒரு கட்டு போட்டா கூடிக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரங்கையா மட்டும் சிரிக்காமல், நெஜமாவா என்று கேட்டார்.

டியூப் ஒட்டுகிற கடை எங்கே இருக்கிறது என்று பார்த்து வா என்று உமாபதியை அனுப்பினேன். போனவன் போனவனே. ரங்கையா தாமே கடையைக் கண்டுபிடித்து, டயரை உருட்டிக்கொண்டு போய், அங்கே உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் கழித்து உமாபதி வந்தான். எப்படி வந்தான்? இடது கையில் முழங்கைக்குக் கீழே பச்சிலைச் சாந்து, அதன்மேல் மூங்கில் பத்தை, அதன்மேல் துணி, முட்டை வாடை, கழுத்திலிருந்து தூளி. "இன்னாடா இது?" என்றேன். "நைனா, டியூப் ஒட்டுற கடை எங்கன்னு கேட்டேன். இட்டுக்கினு போயி வரிசையில ஒக்கார வெச்சிட்டாங்க. என் பேச்ச யாரும் கேக்கல" என்றான். முடி வெட்டுகிறவர் காதைத் தொட்டாலே கூச்சல் போடுகிற பையன், முன்பின் தெரியாதவர்களிடம் வாயைத் திறக்காமல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பது எனக்கும் புரியவில்லை. ஆனால் கூட்டத்தின் வேகம் அப்படி. என்னையே தூக்கியவர்கள் அல்லவா! உடனே அவிழ்த்துப் போடு என்றேன். ஜெயம்மா குறுக்கே வந்துவிட்டாள். "அய்யய்யோ, அவுக்காத சாமி! போட்ட கட்ட பாதியில அவுத்தா நல்லா இருக்கிற எலும்பும் கோணிக்கும். மூணு கட்டும் முடிஞ்சிதான் அவுக்கணும். இங்க அதான் வழக்கம்." பொன்னியம்மாள் அதைக் கேட்டதும் தன் கையால் மகன் கட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். அவிழ்க்கிற பேச்சை அத்தோடு விட்டேன்.

நேரமோ போய்க்கொண்டிருந்தது. ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாற்ற வேண்டும் என்பது நம் ஏற்பாடு. நான் கடைக்கும் காருக்குமாக நடந்தேன். போகும்போதெல்லாம் ரங்கையா கடை பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு, "இன்கா ஆரலேது மாஸ்டாரு, இன்னும் காயல, ஈரத்துல மாட்டினா பிச்சிக்கும்" என்றார். ஆவணி வெயிலில் என் வேட்டி துவைத்துப் பிழிந்திருந்தால் இரண்டு தடவை காய்ந்திருக்கும். ஒரு ஒட்டுத் துண்டு காயவில்லை! அவருடைய சோம்பேறித்தனத்தால்தான் அன்று நாங்கள் ராகு காலம் பிறந்த பிறகு தங்கள் வாசலில் வந்து இறங்கினோம். இந்தத் தாமதத்துக்கு முழுப் பொறுப்பும் ரங்கையாவையே சேரும் என்று தெரிவித்துக்கொள்கிறேன். இன்னொன்று: அந்தச் சமயத்தில் பஸ் நிற்கிற பக்கம் தங்கள் மைத்துனர் சாயலில் ஒருவர் விரித்த குடையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக நடந்து போனதாகப் பொன்னியம்மாள் சொன்னாள். மழை இல்லை, வெயிலும் முதுகுப்பக்கம் அடித்தது. எத்திராஜ் அப்படி ஏன் நடக்கப் போகிறார் என்று நான்தான் அவளை அடக்கினேன். இப்போது தங்கள் கார்டிலிருந்து அவர்தான் என்று தெரிகிறது. கூப்பிட்டிருந்தால் காரிலேயே அழைத்து வந்திருப்போமே!

தங்கள் வீட்டில் நடந்தது தங்களுக்கே தெரியும். உமாபதியின் தூளியைப் பார்த்ததும் கூடத்தில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றுவிட்டீர்கள். நான் டயர் கதையை மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தாங்கள், "நல்ல நேரம் போயிடுச்சிங்க, அப்புறம் பாக்கலாம்" என்றே சொன்னீர்கள். அந்த வருத்தத்திலும் ஒரு மகிழ்ச்சி உண்டு. தாட்சாயணி கழுத்திலிருந்து விரல் நுனிவரை முந்தானையால் போர்த்திக்கொண்டு, காபித் தட்டைக்கூடத் தொடாமல், சுவரோரமாக அடக்கத்தோடு உட்கார்ந்திருந்தாளே, அதை நான் மிகவும் மெச்சினேன். இந்தக் காலத்துப் பெண்களிடம் இவ்வளவு அடக்கமா என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். பொன்னியம்மாள் வெற்றிலை மென்றுகொண்டே வந்தாள்.

இனி, பிறகும் இரண்டு தடவை உமாபதியைப் புத்தூரில் பார்த்ததாக எத்திராஜ் சொன்னது பற்றி. அது உண்மைதான். மூன்று கட்டு முடிய வேண்டும் அல்லவா? கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், போட்ட கட்டுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று அவனே பிடிவாதமாக வாரம் தவறாமல் அரக்கோணத்திலிருந்து ரயில் ஏறிப் போய்வருகிறான். அங்கே ரயில்வேயில் குமாஸ்தா, பாஸ் இருக்கிறது. பெரியவர்கள் சொல்லுக்கு இவ்வளவு கட்டுப்படுகிற பிள்ளை தங்களுக்கு வேறெங்கே கிடைப்பான்? அதுவும் முதல் தடவை போட்டோ பிடிக்கப் போகிறவன் மாதிரித் தலையை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு போகிறான். ஆனால், அவன் போன மூன்று நாளிலும் எத்திராஜ் புத்தூரில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் கேட்க மாட்டேன். நூல் வியாபாரமாக இருக்கும். அதையெல்லாம் துருவுவது என் சுபாவம் இல்லை.

வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது மேல் என்பது என் வகுப்பறை அனுபவம். காற்றுக்கு எடை உண்டு என்று எத்தனை சொன்னாலும் நம்பாத பையன், தராசில் பலூனைத் தொங்கவிட்டால் நம்பிவிடுவான். ஆகவே ஒரு யோசனை. வருகிற வெள்ளிக்கிழமை உமாபதி கட்டை அவிழ்த்துவிட்டு எங்களோடு நகரிக்கு வருவான். தங்கள் வாசலில், ஊரார் முன்னிலையில், ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் வைத்துத் தாருங்கள். இரு கைகளாலும் தூக்கித் தலைக்குமேல் காட்டுவான். குடத்தில் தண்ணீர் குறைவு என்று யாரும் சந்தேகப்படாமல் இருக்க, முதலில் தாட்சாயணியே அந்தக் குடத்தை இரு கைகளாலும் தூக்கி அவனிடம் கொடுக்கட்டும். அவள் தூக்கிக் கொடுப்பதும் இவன் வாங்குவதுமாக அதையே ஒரு நல்ல சகுனமாக வைத்துக்கொண்டு, அங்கேயே தட்டு மாற்றிவிடலாம். இதைவிட நேர்மையான பரீட்சை எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குத் தட்டை எப்படிக் கொண்டுவந்தோமோ அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனபோது, பொன்னியம்மாள் காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு பூவை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். அதை மட்டும் இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. மற்றபடி தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். தாட்சாயணிக்கு எங்கள் ஆசீர்வாதம். பதினாறு பேறும் பெற்று, எந்தக் குறையும் இல்லாத கைகளால் எங்கள் வீட்டில் விளக்கேற்ற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்,
முனிரத்தினம்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் உமாபதியிடம் படிக்கக் கொடுத்தேன். குடத்துக்கு வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டான். "நைனா, மீதி எது வேணா இருக்கட்டும். கொடத்த மட்டும் எடுத்துடு" என்றான். ஏண்டா, தூக்க முடியாதா, அப்படியென்றால் நிஜமாகவே ஊனமா என்று நான் எழுந்தே விட்டேன். "என்னால முடியும். அதால முடியாது" என்றான். எதால்? "தாட்சாயணியால." பிறகு எல்லாம் வந்தது. நிச்சயத்தன்று விடியற்காலையில் விருந்தாளிகளுக்காக வாசல் கழுவும்போது தங்கள் பெண் சாணித் தண்ணீரில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு பிசகிவிட்டதாம். எத்திராஜ் முதல் பஸ்ஸில் புத்தூருக்கு அழைத்து வந்தாராம். நான் கடை தேடச் சொல்லி அனுப்பியவன் அவளை வரிசையில் பார்த்தானாம். எத்திராஜ் கட்டுக்கு வேண்டிய முட்டை வாங்கப் போயிருந்தாராம். "எங்க வூட்டுல இத மறைக்கப் பாக்கறாங்க. தெரிஞ்சா உங்கம்மா வேணாம்னுடுவாங்களா?" என்று அவள் அழுதாளாம். இவன், "நானும் ஒரு கட்டு போட்டுக்கினு வரேன். ரெண்டு பேருக்கும் கட்டுன்னா யாரு யார வேணாம்பாங்க?" என்று சொல்லி, அடுத்த பலகையில் உட்கார்ந்து, இங்கேதான் நோவுகிறது என்று தானே கையை நீட்டியிருக்கிறான். ஆகவே மேலே 'கூட்டத்தின் வேகம்' என்று நான் எழுதியதை அடித்துவிடவும். யாரும் அவனை இழுத்துக்கொண்டு போகவில்லை.

டயரும் அன்று சீக்கிரமே காய்ந்துவிட்டதாம். தங்கள் பெண் பஸ் பிடித்து வீடு சேரும்வரை எங்களைப் புத்தூரில் நிறுத்தி வைக்கும்படி ரங்கையாவிடம் இவன்தான் கெஞ்சியிருக்கிறான். அந்த மனுஷர் என் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு ஈரம், ஈரம் என்று காலை ஆட்டியிருக்கிறார். நாங்கள் சரியான நேரத்துக்கு வந்திருந்தால் தங்கள் வீட்டில் எல்லாரும் இருந்திருப்பீர்கள், பெண் மட்டும் இருந்திருக்க மாட்டாள். எனவே சோம்பேறித்தனம் என்று எழுதியதையும் அடிக்கவும். மூன்று கட்டுக்கும் இரண்டு பேருக்கும் ஒரே கிழமை. பவுடர் எதற்கு என்று இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. எத்திராஜ் ஏன் அங்கே இருந்தார் என்று கேட்கவே வேண்டியதில்லை. அவர் முட்டை வாங்கப் போகிற சமயமெல்லாம் இவர்கள் பேசியிருக்கிறார்கள் என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

பொன்னியம்மாளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே, "எனக்கு அன்னைக்கே தெரியும். வெக்கத்துக்கு மூடற கைக்கும் கட்டுக்கு மூடற கைக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தினி வருசம் குடும்பம் பண்றேன்? அந்தப் பொண்ணு மேல பச்சிலை வாடை, இவன் மேலயும் அதே வாடை" என்றாள். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவங்களா சொல்லட்டும்னு இருந்தேன். கை பிசகினா கூடிக்கும். நாம முந்திக்கினு கேட்டா அந்தப் பொண்ணு மனசு கூடுமா?" என்றாள். நான் இத்தனை பக்கம் எழுதியதற்கு அவள் சொன்னதையே எழுதியிருக்கலாம். ஆனால் கடிதத்தைத் திரும்ப எழுதக் காகிதம் இல்லை.

வெள்ளிக்கிழமை வேண்டாம். தாட்சாயணி கை நன்றாகக் கூடிய பிறகு ஒரு நாள் பார்த்து எழுதுங்கள். இந்தத் தடவை கார்டில் வேண்டாம், கவரில் போடவும். ரங்கையா காரிலேயே வருகிறோம். உமாபதி கட்டை அவிழ்க்க மாட்டானாம், அவள் அவிழ்க்கிற அன்றைக்குத்தான் தானும் அவிழ்ப்பானாம். மேலே விட்டிருக்கும் வரியில், சம்பந்தி, நானே எழுதிவிட்டேன்.